மாடித் தியேட்டரில் அவர் சிரிப்பு

என் வீட்டுக்காரர் சிரித்தால் தியேட்டரே திரும்பிப் பார்க்கும். கல்யாணமான புதுசில் ஆம்பூரில் படம் பார்க்கப் போய் எனக்கு மானமே போய்விட்டது. ஒரு ஜோக்கு வந்தால் போதும், முதலில் அவர் தொண்டையிலிருந்து ‘ஹே’ என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் சீட்டை ஆட்டிக்கொண்டு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைக் கேட்டு முன்வரிசைக்காரன் சிரிப்பான், அவனைப் பார்த்து அவன் பெண்டாட்டி சிரிப்பாள். நான் முந்தானையை இழுத்து மூஞ்சியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த படத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்கப்புறம் படம் நல்லா இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் நாங்கள் பார்க்கவே இல்லை, இவர் சிரிக்கிறதுக்கு இடம் இருந்தால் போதும் என்று கிளம்பிவிடுவோம்.

அவருக்கு ஷூ ஃபேக்டரியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. தோலை விரித்து, அதன்மேல் கத்தி அச்சை வைத்து, மிஷினை இறக்கினால் ‘டப்’ என்று ஷூவுக்கான துண்டு வெட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் வரிசையாக அதே மாதிரி மிஷின்கள். நாள் முழுக்க டப் டப் டப். காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்த அடைப்பான் சட்டைப் பையிலேயே இருந்து, துவைக்கிறபோது என் கைக்கு வரும். இப்போது அவர் சூப்பர்வைசர், மிஷினைத் தொடுவதே இல்லை. ஆனால் காதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

நான் வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். இது எனக்குத் தெரியாமல் போகுமா? இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனை பண்ணிவைத்தேன். கனத்த சத்தம் எல்லாம் அவருக்கு நன்றாகக் கேட்கிறது. லாரி கேட்கும், இடி கேட்கும், சர்ச் மணி கேட்கும். மெல்லிசான சத்தங்கள்தான் போய்விட்டன. ‘ச’வும் ‘த’வும் ‘ப’வும் அவர் காதுக்குள் போய் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். எதிரே நின்று வாயைக் காட்டிப் பேசினால் சமாளித்துக்கொள்வார், திரும்பி நின்றால் போச்சு. காது மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். குக்கர் விசிலும் என் பேச்சும் அதில் ஒரே மாதிரி கத்துகிறதாம், பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அவரைக் கேட்டால், எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, ஊர்ல எல்லாரும் வாய்க்குள்ளயே பேச ஆரம்பிச்சிட்டாங்க என்பார்.

ஒரு நாள் தியேட்டரில்தான் அதைக் கவனித்தேன். ஜோக்கு வந்தது, எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்கிறேன் என்று தெரிந்ததும் அவரும் சிரித்தார். ‘ஹே’ இல்லை. சீட்டு ஆடவில்லை. மற்றவர்கள் சிரித்து முடிக்கும்போது இவருடையது ஆரம்பித்தது. அதற்கப்புறம் படத்துக்குக் கூப்பிட்டால், நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு வேலை இருக்கு என்று நழுவ ஆரம்பித்தார். இன்னா வேலை? ஒன்றும் கிடையாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாதனூர் ரோட்டில் போகிற கம்பெனி பஸ்ஸை எண்ணுவார்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு அந்தச் சிரிப்பு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். மாடியில் ஒரு ரூம் கட்டி முடித்ததும், இதில் கட்டிலும் வேண்டாம் பீரோவும் வேண்டாம், ஹோம் தியேட்டர் போடப்போகிறோம் என்று ஒத்தைக்காலில் நின்றேன்.

அவருடைய தம்பி, என் கொழுந்தனார், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. விஷயம் காதில் விழுந்ததோ இல்லையோ, அடுத்த சனிக்கிழமையே வந்து இறங்கிவிட்டார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாம் கரைத்துக் குடித்திருந்தார். லூமென்ஸ் என்றார், அது புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு அளவாம். பகலில் பார்க்கிறதென்றால் வெளிச்சம் ஜாஸ்தி வேண்டும், ஜன்னலை அடைத்துவிட்டால் கம்மி போதும். ரூம் நீளம் கம்மி, அதனால் கிட்டத்தில் வைத்தாலே பெரிசாகக் காட்டுகிற புரொஜெக்டராகப் பார்க்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பெரிய டிவி ஒன்று வாங்கி மாட்டினால் போதாதா என்றார். நான் விடவில்லை. டிவியில் மூஞ்சி எவ்வளவு பெரிசாகத் தெரிந்துவிடும்? செவுறு முழுக்கப் படம் விழுந்தால் மூஞ்சி பெரிசு, மூஞ்சி பெரிசானால் வாய் பெரிசு, வாய் பெரிசானால் இவருக்குப் பாதி வேலை மிச்சம். இதை வெளியில் சொல்லவில்லை, புரொஜெக்டர்தான் என்று மட்டும் சொன்னேன்.

வேலூரில் ஒரு பாய் கடை. உள்ளே கேட்டுப் பார்க்கத் தனி ரூம் வைத்திருந்தார். கீழே கம்பளம், சுற்றிலும் கனத்த சிவப்புப் பர்தா மடிப்பு மடிப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பாய் விளக்கை அணைத்துவிட்டு ஹெலிகாப்டர் விட்டார். தலைக்கு மேல் சுற்றியது. அப்புறம் குண்டு போட்டார், கண்ணாடி உடைத்தார், மழை பெய்ய வைத்தார். கொழுந்தனார் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரரோ ஸ்பீக்கரைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்து, மேலே ஒட்டியிருக்கிற ரெக்ஸினைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஒரு கீறலைக் கண்டுபிடித்தார். அதோடு விட்டாரா? முன்னால் வைக்கிற ரெண்டு ஸ்பீக்கருக்கும் மேலே ரெக்ஸின் வரி ஒத்துப்போகவில்லை, வேற பெட்டியைப் பிரியுங்கள் என்றுவிட்டார். வலது கால் ஷூவையும் இடது கால் ஷூவையும் ஒரே தோலில் வெட்டுகிற ஆள், ஜோடி சேராத பொருளை வீட்டுக்குள் விடமாட்டார். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க என்று பாய் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டியைப் பிரித்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. குண்டு போட்டது போதும், ரெண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி எதையாவது போடுங்கள் என்றேன். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“அக்கா, வர்றவங்க எல்லாரும் பாஸ் ஜாஸ்தி வேணும்னு கேப்பாங்க. பேச்சு ஜாஸ்தி வேணும்னு கேட்டது நீங்கதான்.”

அப்புறம்தான் அவர் விஷயத்துக்கு வந்தார். ஒரு செட்டுக்கு ஐந்து ஸ்பீக்கர், அதில் பேச்சு வருவது நடுவில் திரைக்குக் கீழே வைக்கிற ஒன்றில்தானாம். நல்ல ஆம்ப்ளிஃபையர் என்றால் அந்த நடு ஸ்பீக்கரை மட்டும் தனியாக ஏற்றிக்கொள்ளலாம். கொழுந்தனார் பார்த்து வைத்திருந்த செட்டில் அந்த நடு ஸ்பீக்கர் சோப்பு டப்பா மாதிரி இருந்தது. தரையை அதிர வைக்கிற பாஸ் பெட்டி மட்டும் அரிசி டிரம் அளவுக்கு இருந்தது. நான் அதை அப்படியே மாற்றச் சொன்னேன், பாஸ் பெட்டி சின்னது, நடு ஸ்பீக்கர் பெரிசு. கொழுந்தனார் மூஞ்சியில் ஈயாடவில்லை. அண்ணி, பாஸ் இல்லன்னா அது தியேட்டரே கிடையாது என்று முனகினார். உங்க வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பாய் ஒரு பழைய காமெடிக் காட்சியைப் போட்டார். ரெண்டு பேர் ஒரு சைக்கிளுக்காகச் சண்டை போடுகிறார்கள். நான் வேண்டுமென்றே எழுந்து போய் என் வீட்டுக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். என் மூஞ்சியைப் பார்க்காமல் சிரிக்கிறாரா என்று பார்க்க வேண்டும், எனக்கு அதுதான் பரிசோதனை. சைக்கிளை விற்றவன் பெல்லை மட்டும் கழற்றிக்கொண்டு, இதுக்கு தனி ரேட்டு என்றான்.

‘ஹே.’

சீட்டு ஆடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாய் பார்த்துவிடப்போகிறாரே என்று பர்தாவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். திரும்பாமலேயே, இதையே கட்டுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரருக்கு ஒரு ஆசை. பெரிய தியேட்டரில் சுவரெல்லாம் மெத்தை மாதிரி அடித்திருப்பார்களே, அது நம்ம ரூமிலும் வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன பஞ்சம்? ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய தோலை விற்கிற கடை ஆம்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. சாக்லேட் கலரில், தடவினால் கை வழுக்குகிற பளபளப்பில் பொறுக்கி எடுத்து வந்தார். பலகை அடித்து, மெல்லிசாக ஸ்பாஞ்சு வைத்து, அதன்மேல் தோலை இடுக்கியால் இழுத்து இழுத்துப் பித்தளை ஆணி அடித்தார். ஷூ அச்சில் தோலை இழுக்கிற மாதிரியே இழுத்தார், ஒரு சுருக்கம் கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பக்கத்து வீட்டு டீச்சரம்மா செருப்பை மாடிப்படியிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். இவர் பூரித்துப்போய் ஒவ்வொருவருக்கும் சுவரைத் தட்டிக் காட்டினார்.

முதல் ஷோ ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய் வந்து, பிரியாணி சாப்பிட்டு, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். படம் சுவர் நிறைய விழுந்தது. என்ன கலர், என்ன பெரிசு! புதுக் காமெடிப் படம். முதல் ஜோக்கு வந்தது, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் திரும்பினேன். அவர் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம், எல்லாருக்கும் டீ போட்டுட்டு வர்றேன் என்று எழுந்து கீழே போனார். டீ வந்தது, அவர் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது வாசலில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்ததே கோபம். அவர்மேல் இல்லை, அந்தப் பெட்டிகள்மேல். எல்லாரும் போனதும் கொழுந்தனாரைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஆம்ப்ளிஃபையரில் எதை எதையோ மாற்றினார், நான் நடு ஸ்பீக்கரை ஏற்று ஏற்று என்று ஏற்ற வைத்தேன். திரையில் இருக்கிறவன் எங்களைத் திட்டுகிற மாதிரி சத்தம் வந்ததே தவிர, தெளிவு வரவில்லை. ஒரு வார்த்தை முடிவதற்குள் அதன் வால் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த வார்த்தைமேல் விழுந்தது. நல்ல காது இருக்கிற எனக்கே அப்படி என்றால் அவருக்கு?

பாய்க்குப் போன் போட்டுக் கத்தினேன். பாவம், அவர் கோபப்படவே இல்லை. வேணும்னா கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன், ஆனா அக்கா, அதே பெட்டிதான், கடைல நல்லாத்தானே கேட்டுது என்றார். போனை வைத்துவிட்டு ஒரு வாரம் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன்.

இதற்கு நடுவில், படம் ஒரு பக்கம் சாய்ந்து விழுகிறது, புரொஜெக்டரை நகர்த்தி மாட்ட வேண்டும் என்று கொழுந்தனார் அடுத்த சனிக்கிழமை டிரில்லிங் மிஷினோடு வந்தார். கூரையில் ஓட்டை போட்டால் சிமெண்ட் தூசி கொட்டும். தன் பளபளப்புத் தோல்மேல் ஒரு பொட்டு தூசி விழ என் வீட்டுக்காரர் விடுவாரா? மிஞ்சிக் கிடந்த முழுத் தோல்களை எடுத்து, மேல் கட்டையில் கிளிப் போட்டு, சுவரைச் சுற்றித் தொங்கவிட்டார். முகத்தோடு முகம் பார்க்கிற மாதிரிதான் தொங்கவிட்டார். ஃபேக்டரி பழக்கம் அது. தோலுக்குப் பளபளப்பான பக்கம்தான் முகம். மடித்தாலும் அடுக்கினாலும் முகம் முகத்தைப் பார்க்க வேண்டும், கீறல் விழக் கூடாது. அதனால் சொரசொரப்பான உள்பக்கம் எங்களைப் பார்த்துக்கொண்டு, அங்கங்கே மடங்கித் தொங்கியது.

டிரில் வேலை முடிந்து கொழுந்தனார் குளிக்கக் கீழே போய்விட்டார். என் வீட்டுக்காரர் ஸ்டூல்மேல் நின்று ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து கூட்டிக்கொண்டிருந்தேன். கடுப்பில், எனக்குள்ளேயே முனகுகிற மாதிரி, இவ்ளோ தூசிய நான்தான் கூட்டணும், மீன் வேற இன்னும் கழுவல என்றேன்.

“மீன நான் கழுவறேன், நீ கூட்டிட்டு வா” என்றார்.

நான் பாட்டுக்கு மேலும் கூட்டிக்கொண்டு போனேன். அப்புறம்தான் உறைத்தது. துடைப்பம் அப்படியே நின்றுவிட்டது. அவர் என் வாயைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் என் முதுகுதான் தெரிந்திருக்கும், அதையும் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்த நர்ஸ் எழுந்துவிட்டாள். திரும்பாமல், குரலை இன்னும் இறக்கி, சாயந்தரம் சப்பாத்தி தேய்க்கட்டுமா, தோசை சுடட்டுமா என்று கேட்டேன். தோசை என்றார். தொட்டுக்க சட்னியா பொடியா என்றேன். பொடி போதும், ஏன் செவுத்தப் பாத்து பேசிட்டு இருக்க என்றார்.

நான் போய் ஒரு தோலைக் கழற்றிவிட்டு, அதற்குப் பின்னால் ஆணியடித்திருந்த பளபளப்புக்கு நேராகக் கையைத் தட்டினேன். டங் என்று திரும்பி வந்தது. தோலைப் பழையபடி தொங்கவிட்டுத் தட்டினேன். சத்தம் அதோடு அடங்கிவிட்டது. அப்போதுதான் கடையில் மடிப்பு மடிப்பாகத் தொங்கிய சிவப்புப் பர்தா ஞாபகத்துக்கு வந்தது. தோலை விறைப்பாக இழுத்துக் கட்டினால் அதற்குப் பேர் மேளம். ஊரே தோல் ஊர், வீட்டில் ரெண்டு தலைமுறை தோல் வேலை, இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை! நாங்கள் நாலு சுவருக்கும் மேளம் கட்டி, நடுவில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அவ்வளவு ஆசையாக அடித்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். கையைத் தட்டிக் காட்டி, இதையெல்லாம் திருப்பி மாட்டிவிடலாம் என்றேன். அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து, ஆணியடித்த தோலைத் தடவினார்.

“தோலோட முகத்த செவுத்துக்குக் காட்டி மாட்டறதா? ஃபேக்டரிக்காரன் எவனாவது பாத்தா சிரிப்பான்.”

“சிரிக்கட்டும்” என்றேன். “எனக்கு நீங்க சிரிக்கணும். அதுக்குத்தான் இந்த ரூமே.”

அதுவரைக்கும் நான் அதை அவரிடம் சொன்னதே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். போய் இடுக்கியை எடுத்து வந்து முதல் பித்தளை ஆணியைப் பிடுங்கினார்.

பிடுங்க ஆரம்பித்ததும் மனுஷனுக்கு வேகம் வந்துவிட்டது. திருப்பி மாட்டினாலும் ஏனோதானோ என்று மாட்டுகிற ஆளா? உள்பக்கத்தை எல்லாம் உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்து, பஞ்சு மாதிரி ஆக்கினார். தளர்வாக, மடிப்பு விட்டு, ஒவ்வொரு மடிப்பும் அடுத்ததற்கு ஜோடியாகும்படி தொங்கவிட்டார். ரூம் இப்போது சாக்லேட் கலர் இல்லை, ஒரு மாதிரி டீத்தூள் கலர். சும்மா சொல்லக் கூடாது, அதுவும் அழகாகத்தான் இருந்தது.

மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் பிரியாணி, அதே கூட்டம். இந்தத் தடவை அவருடைய ஃபேக்டரி தோஸ்த் ஒருத்தரும் வந்திருந்தார். உள்ளே வந்ததும் வராததுமாக, இன்னா தோஸ்த், உள்பக்கத்த வெளிய மாட்டி வெச்சிருக்க என்று கேலி பண்ணினார். இவர் அசரவே இல்லை. உக்காந்து கேளு என்று மட்டும் சொன்னார்.

அதே படத்தையே போடச் சொன்னேன். கொழுந்தனார், பார்த்த படம்தானே அண்ணி என்றார். யார் பார்த்தது, உங்க அண்ணன் பார்த்தாரா என்றேன். இந்தத் தடவையும் அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பரிட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிப் பயந்து உட்கார்ந்ததில்லை. திரையில் என்ன நடக்கிறது என்றே பார்க்கவில்லை. அவர் பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் பக்கம் திரும்பக் கூடாது கர்த்தாவே, திரும்பக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பவில்லை. ஜோக்கு இன்னும் முடியக்கூட இல்லை, எல்லாருக்கும் முன்னால் ‘ஹே’ என்று வந்தது. சீட்டு ஆடியது. அந்தச் சிரிப்பைக் கேட்டு தோஸ்த் சிரித்தார், தோஸ்த்தைப் பார்த்து டீச்சரம்மா சிரித்தார், மாடி ரூமே சிரித்தது. நான்தான் கடைசி. ஜோக்கைக் கவனிக்காததால் என்ன ஏது என்று தெரியாமல், அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துப் பார்த்து, எல்லாரும் முடிக்கும்போது நான் ஆரம்பித்தேன்.

அவர் அப்போதுதான் திரும்பி என் மூஞ்சியைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்திருந்தார்.

குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில் போய், இன்னா சொன்னான் என்று கேட்டேன். அவர் எனக்கு எடுத்துச் சொன்னார்.